துண்டில் ஏறாத கடன்

கடன் என்பது ஏட்டில் எழுதப்பட்டால் மட்டும்தான் கடனா? மலையகத்தின் வரலாறு இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளிகளாயிருந்தனர். முன்பணமும் வழிச்செலவும் அவர்கள் பேரில் ஏறின. கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆனால், ஏழையின் கடனைச் சல்லிக்காசு வரை எழுதி, செல்வரின் கடனை எழுதாமலே விடும் கணக்கு ஒழிந்துவிடவில்லை.

நிலக்கரியை எரித்து முதன்முதலில் தொழில் வளர்த்த நாடு பிரிட்டன். அந்நாட்டுத் துரைமார்கள்தாம் 19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளின் காடழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்டனர். இலாபம் கடல் கடந்தது. புகை வானில் தங்கியது. காற்று சூடேறச் சூடேற அது சுமக்கும் நீரும் மிகுகிறது. பெருமழை மேலும் பெருமழையாகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் புகையில் இவர்களுடைய பங்கு எவ்வளவு?

முன்னோர் செய்ததற்குப் பின்னோர் பொறுப்பாவாரோ என்பர் சிலர். தந்தையின் சொத்தை ஏற்ற மகன் அவர் கடனை மட்டும் மறுத்தால் ஊர் ஒப்புமா? அந்த நியாயம் நாடுகளுக்கும் பொருந்தும்.

2020 முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டொலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. 2022இல்தான் அத்தொகை எட்டப்பட்டது. அதிலும் அரசுகள் வழங்கியதில் பெரும்பகுதி கடன்! தீர்க்க வேண்டியவரே கடன் கொடுத்து வட்டியும் கேட்பது எந்த அறம்? அதே 2022இல் வெளிநாட்டுக் கடனை அடைக்க இயலாது நின்ற நாடு இது.

எனினும், உலகின்முன் இவ்வழக்கை உரைக்கும் அரசு, அதே தராசைத் தன் வீட்டிலும் தூக்க வேண்டும். 1950இல் லக்ஷபானவில் தொடங்கி, காசல்ரீ, மவுசாகலை, 2012இல் மேல் கொத்மலை என மலையக நீர் நாட்டுக்கு ஒளி தந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரே மூழ்கிற்று. அந்நீரின் அருகிலிருந்த லயங்களிலோ நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. விறகடுப்பின் புகை இன்னும் அகலவில்லை. லயம் நிற்கும் நிலமும் பெரும்பாலோருக்குச் சொந்தமில்லை.

எனவே, சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்னாக்கும் புதிய பணிக்குரிய செலவை ஏழையின் மின்கட்டணத்தில் ஏற்றுதல் தகாது. வெளியிலிருந்து வருவது கடனாக அன்றி ஈடாக வரவேண்டும். உள்ளே திரட்டுவது வசதி படைத்தோரின் வரியாக அமைய வேண்டும். மண்சரிவு அஞ்சா நிலமும், அதற்கு உறுதிப்பத்திரமும், புகையில்லா அடுப்பும் அதன் முதற் செலவாதல் வேண்டும்.

தொழிலாளரின் பற்றை எழுதக் கை நடுங்காத உலகம், அவர்களுக்குரிய வரவை எழுத மட்டும் தயங்குவானேன்? இக்கேள்வியை வகுப்பறையிலும் சங்கத்திலும் நாம் எழுப்புவோம்.