விரலைத் தின்ற இயந்திரத்துக்குப் பொட்டு

கோவையிலோ அம்பத்தூரிலோ தகடு வெட்டும் சின்னப் பட்டறை ஒன்றுக்கு ஆயுதபூசை அன்று போய்ப் பாருங்கள். பவர் பிரஸ்ஸைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, மாலை சாத்தி, வாசலில் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். அந்தப் பிரஸ்ஸின் முன்னால் இருக்க வேண்டிய இரும்புத் தடுப்பு பல இடங்களில் கழற்றப்பட்டு மூலையில் கிடக்கும். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகும், ஆர்டர் தள்ளிப்போகும், பீஸ் கணக்கில் கூலி வாங்குபவனுக்கும் வருமானம் குறையும். விரல் போன பிறகு எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: "அவனுக்கு நேரம் சரியில்லை."

நேரம் என்ன செய்தது? தகட்டைக் கையால் டைக்குள் வைத்து, காலால் பெடலை மிதிக்கிறான். கை வெளியே வருவதற்குள் கால் இறங்கினால் விரல் போகும். கிளட்ச் தேய்ந்திருந்தால் ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கும். பெடலை எடுத்துவிட்டு, தள்ளித் தள்ளி வைத்த இரண்டு பொத்தான்களை இரு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று மாற்றலாம். கிளட்ச்சையும் காலத்தில் பழுது பார்க்கலாம். அப்படிச் செய்த பட்டறைகளில் விதி ஏன் விரலைத் தேடி வருவதில்லை? தேய்ந்த பிரஸ்ஸில் உட்கார்ந்தவனை மட்டும், அதுவும் பெரும்பாலும் கான்ட்ராக்டில் வந்த வெளியூர்ப் பையனை மட்டும் அது எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது? முதலாளியின் மகன் ஜாதகத்தில் இந்தக் கண்டம் இல்லாததற்குக் காரணம், அவன் அந்த ஸ்டூலில் உட்காராததுதான்.

விதிக்குச் சட்ட உடை போட்டவர்களும் உண்டு. 1837இல் இங்கிலாந்தில், பாரம் அதிகம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை முறிந்த இறைச்சிக்கடைப் பணியாள் ஒருவன் எசமானன்மேல் வழக்குப் போட்டான். ஆபத்து தெரிந்துதானே ஏறினான் என்ற கருத்தில் நீதிமன்றம் அவனைக் கைவிட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1897இல்தான் அங்கே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு 1923இல். இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, அடிப்படை மாறவில்லை. வேலையினால், வேலை நேரத்தில் விபத்து நடந்தால் பணம் கொடுப்பது முதலாளியின் கடன். யார் தவறு என்ற கேள்வி பொதுவாக எழுவதே இல்லை. குடித்திருந்தான், வேண்டுமென்றே தடுப்பைக் கழற்றினான் என்ற வாதங்கள்கூடச் சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் செல்லாது.

அந்தக் கடன் எவ்வளவு? இ.எஸ்.ஐ. வராத இடத்தில் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் சுட்டுவிரல் முழுவதையும் இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 14 சதவீத இழப்பு என்கிறது அட்டவணை. கட்டைவிரல் 30 சதவீதம். 2020இல் உயர்த்திய வரம்பின்படி மாதச் சம்பளத்தை 15,000 என்று கொண்டால், அதில் 60 சதவீதம், அதைப் பெருக்க 207.98 என்ற வயதுக் காரணி, அதில் 14 சதவீதம்: ஏறக்குறைய 2,62,000 ரூபாய். அவர் செத்துப்போனால் 15,59,850. நியாயமான தொகையா என்றால் இல்லை என்பேன். ஆனால் தடுப்பைப் பூட்டி வைக்க இதைவிடக் குறைவாகவே செலவாகும்.

இங்கேதான் காப்பீடு வருகிறது. கோயில் பரிகாரத்தைச் சாடும் பகுத்தறிவாளர்கள் இந்தப் பரிகாரத்தையும் பார்க்க வேண்டும். பிரீமியம் கட்டிவிட்டேன், இனிக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கும் முதலாளி, எலுமிச்சம்பழம் கட்டிய முதலாளிக்கு ஒரு படிகூட மேல் இல்லை. அந்த பிரீமியத்திலும் மிச்சம் பிடிக்க ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் மாண்டார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அம்மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியிருந்தது. முதலாளிகள் குற்ற வழக்கில் விடுதலையானார்கள். தங்கள் நட்டத்தைவிட அதிகமான தொகையைக் காப்பீட்டில் பெற்றார்கள். 1914இல் உறவினர்களோடு முடித்த தொகை, ஓர் உயிருக்கு 75 டாலர். சரக்கு காப்பீட்டுக்குள் இருந்தது, சட்டை தைத்த பெண்கள் வெளியே இருந்தார்கள்.

காப்பீட்டையே ஒழிக்கச் சொல்லவில்லை. ஜெர்மனியில் 1884 சட்டம் ஒவ்வொரு தொழிலின் முதலாளிகளையும் ஒரே சங்கத்தில் சேர்த்து, விபத்துச் செலவை அவர்கள் தலையிலேயே போட்டது. ஆபத்தான தொழிலுக்குச் சந்தா அதிகம். பக்கத்துப் பட்டறையின் அலட்சியத்துக்குத் தானும் காசு கட்ட வேண்டும் என்று வந்ததும், அந்தச் சங்கங்களே பாதுகாப்பு விதி எழுதின, ஆய்வாளர்களை அனுப்பின. நம் உச்ச நீதிமன்றமும் 1997இல், வேத் பிரகாஷ் கார்க் வழக்கில், இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் கட்டலாம், காலத்தில் கொடுக்காததற்கான அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்றது. எல்லாப் பாவத்தையும் பாலிசியில் கழுவ முடியாது என்ற அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் அன்று மாலையே அரசு நிவாரணம் அறிவிக்கிறது. வேண்டியதுதான். ஆனால் அது மக்கள் பணம். முதலாளியின் கடன் அதனால் ஒரு பைசாவும் தீர்வதில்லை. மருந்து கலக்கும் அறையில் அனுமதிக்கு மேல் ஆள் இருந்ததை யாரும் பேசாதபடி, ஊர்ப் பெரியவர்கள் ஈரம் காயாத வீட்டுக்குள் வந்து "பேசி முடிக்கிறார்கள்". கைநாட்டு வாங்குகிறார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சாவுக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்து முடித்துவிட முடியாது. இழப்பீட்டுக்கான உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கான்ட்ராக்டர் ஓடிப்போனால் முதன்மை முதலாளி பொறுப்பு. மனுச் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. துக்கம் கேட்கப் போகிறவர்கள் இதை அந்த வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.