வண்டிக்குச் சிறகு

பயன்படாத ஒன்றைப் பயனுடையதாகக் காட்டிக்கொள்வது குற்றமா? இவ்வினா எந்த நூலிலிருந்தும் எனக்கு எழவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில், தோட்டத்துக் கிராணி வீடாகிய என் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரு காரிலிருந்து எழுந்தது.

என் தமக்கையின் மகன் செம்பனை ஆலையில் வேலை செய்பவன். பழைய புரோட்டோன் வீரா ஒன்றை வாங்கி, அதன் முதுகில் மேசைப் பலகை போன்றதொரு ஸ்பாய்லரைப் பூட்டிக்கொண்டு வந்தான். "வேகத்தில் வண்டியின் பின்புறம் தரையை விடாது, மாமா" என்றான். நான் அச்சிறகின் கீழே குனிந்து பார்த்தேன். பின்சக்கரங்களின் டயர்கள் இரண்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தன. மிச்சம் பிடித்த பணம் முழுதும் சிறகுக்குப் போயிற்றாம். டயருக்கு அடுத்த போனஸ் வரட்டுமாம்!

சிறகு வெறும் பொய்யன்று. ஆகாய விமானத்தைக் காற்று மேலே தூக்குவது அதன் இறக்கையினால். அவ்விறக்கையைக் கவிழ்த்து வைத்தால் அதே காற்று கீழே அழுத்தும். 1998-இல் வெளிவந்த ஆடி டிடி என்னும் கார், ஜெர்மனியின் பெருஞ்சாலைகளில் மிகுந்த வேகத்தில் பின்புறம் நிலைதவறி உயிர்ச்சேதத்துக்கு இடமாயிற்று. நிறுவனத்தார் விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்தனர். வேறு சில திருத்தங்களோடு பின்புறத்தில் ஒரு சிறு தகட்டையும் சேர்த்தனர். அத்தகட்டைப் பகட்டென்று எவன் சொல்வான்?

ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி வளர்வது. வேகம் பாதியானால் அழுத்தம் காற்பங்காகிவிடும். நான் கணக்கெழுதிப் பிழைப்பவனாதலின் இதையும் கணக்கிட்டேன். சிறகின் பரப்பு சதுர மீட்டரில் ஐந்திலொரு பங்கு என்றும், அது நன்றாகவே செய்யப்பட்டதென்றும் வைத்துக்கொண்டேன். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது தரும் அழுத்தம் ஏறத்தாழ நாலைந்து கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டையிற் பாதி. தோட்டத்து மண்சாலையில் 30 கிலோமீட்டரிற் போனாலோ அரைக் கிலோ. எங்கள் ஊர்த் தேங்காய் ஒன்றைப் பின்பெட்டியிற் போட்டால் அதைவிட அதிகம் அழுத்தும்!

அவன் கண்ட கனவு எது என்பதும் எனக்குத் தெரியும். வீராவுக்கு மூலமான மிட்சுபிஷி லான்சரின் குடும்பத்திற் பிறந்ததே எவோ என்னும் பந்தயக் கார். டோமி மாக்கினென் 1996-இல் உலக ராலிப் பட்டம் வென்றது அத்தகைய பெருஞ்சிறகுடைய வண்டியில். அதற்கு நான்கு சக்கரங்களிலும் விசை பாயும். வீராவுக்கு முன்சக்கரங்களில் மட்டுமே.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். பையன் பொறுமையோடு கேட்டான். பிறகு என் சட்டைப் பையைக் காட்டி, "மாமா, கணக்கு முழுவதையும் நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டுகிறீர்கள். அந்த இரண்டு பேனா எதற்கு?" என்றான்.

என்ன சொல்வேன்! அவற்றில் ஒன்று மை வற்றி ஆண்டுகள் பலவாயின. நான் தொழிலாளியல்லன், ஆங்கிலம் படித்த கிராணி என்று லயத்திலுள்ளோர்க்கு அது நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆலையின் எண்ணெய்ச் சட்டையோடு செல்பவனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறகுள்ள வண்டியைப் பார்க்கிறார்கள். செல்வன் பூட்டினால் அழகுணர்ச்சி, கூலிக்காரன் மகன் பூட்டினால் ஊதாரித்தனம் என்று தீர்ப்புக் கூறுவது எந்தப் பகுத்தறிவு?

நிற்க. அலங்காரத்தின்மேல் எனக்குப் பகையில்லை. 1885-இல் கட்டப்பட்ட தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் வெளியே எட்டு நிலை காட்டும். உள்ளே மூன்றே நிலை. எனினும் அது தண்ணீர்த் தொட்டியைச் சுமந்து ஊருக்கு நீர் வழங்கிற்று. உள்ளே தண்ணீரில்லாமல் ஐந்து பொய் நிலைகளை மட்டும் எழுப்பியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

மை வற்றிய என் பேனா எவரையும் கொல்லாது. அவனோ மாதந்தோறும் தன் தாயைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துத் தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன். அடைமழையில் சாலைமேல் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் வரிப்பள்ளமேயன்றிச் சிறகன்று. பள்ளம் தேய்ந்தால் சக்கரம் நீர்மேல் வழுக்கும், பின்புறம் சுழலும். சிறகு இருக்கிறதென்ற தைரியம் அவன் காலை மேலும் அழுத்தச் செய்யும். எனக்கு அச்சம் தந்தது இதுவே. தமக்கை ஒன்றும் அறியாள். மகன் வண்டி அழகாயிருக்கிறதென்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் தெலுக் இந்தான் டயர்க் கடைக்குச் சென்றோம். விலையிற் பாதி நான் கொடுத்தேன். இரண்டு மட்டும் புதிதாகப் போடுவதானால் பின்னாலேயே போடவேண்டுமென்று கடைக்காரர் சொன்னார்; முன்னால் வழுக்கினால் ஓட்டுபவன் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம், பின்னால் வழுக்கினால் வண்டி அவன் கைக்கு அகப்படாதாம். சிறகு செய்யுமென்று அவன் நம்பிய வேலைக்கே அவ்விரண்டு டயர்களும் போய்ச் சேர்ந்தன. சிறகைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பும்போது அவன் என் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டு, "இதற்கு மை வாங்கித் தரட்டுமா, மாமா?" என்று கேட்டான்.