கழுதையா, குயவனா?

2016 மே மாதம் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது கால்பந்து உலகமே பயிற்சியாளர் கிளாடியோ ரனியெரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சீசன் தொடங்கும்போது அந்த அணி வெல்வதற்குப் பந்தய நிறுவனங்கள் கொடுத்த விகிதம் 5000-க்கு 1. கோப்பை வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. 2017 பிப்ரவரி 23 அன்று கிளப் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அணி 17-ஆவது இடத்துக்குச் சரிந்திருந்தது.

ஒன்பது மாதத்தில் ஒரு மனிதர் தொழிலை மறந்துவிடுவாரா?

காரணத்தைக் கண்டறிய இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தார் அந்வயம், வியதிரேகம் என்று ஒரு சோதனை வைத்திருந்தார்கள். காரணம் இருந்தால் விளைவு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் விளைவும் இருக்கக் கூடாது. குயவனுக்கு மண் சுமந்து வந்த கழுதை பானைக்குக் காரணமல்ல என்று அவர்கள் தள்ளிவிடுவார்கள். மண் வேறு வழியில் வந்திருந்தாலும் பானை உருவாகியிருக்குமே! ஆக, லெஸ்டர் கதையில் ரனியெரி குயவனா, கழுதையா?

முதலில் ஆட்டக்காரர்கள் பக்கம் பார்ப்போம். கோப்பை வென்ற கையோடு நடுக்கள வீரர் என்கோலோ கான்டே செல்சிக்குப் போனார். பயிற்சியாளர் அதே ரனியெரி. லெஸ்டர் சரிந்தது. முந்தைய சீசனில் 10-ஆவது இடத்தில் முடித்திருந்த செல்சியோ 93 புள்ளிகளோடு கோப்பையை எடுத்தது. திறமைதான் காரணம், வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் செல்சிக்கு அதே கோடையில் அன்டோனியோ கோன்டே என்ற புதிய பயிற்சியாளரும் வந்திருந்தார். இரண்டு மாற்றம் ஒரே சமயத்தில் நடந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது?

மறுபக்கம் இன்னும் சங்கடமானது. ரனியெரி போனபின் உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். முதல் ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக அவர் இறக்கியது ஏறக்குறைய கோப்பை வென்ற அதே பதினொருவர்; கான்டே இடத்தில் மட்டும் என்டிடி என்ற நடுக்கள வீரர். 3-1 வெற்றி. தொடர்ந்து முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றி. ஆட்கள் அதே, பயிற்சியாளர் மட்டும் மாறினார். இந்தக் கணக்கின்படி குற்றவாளி ரனியெரி.

ஒரே அணி, ஒரே சீசன், ஒரே சோதனை. தீர்ப்பு மட்டும் இரண்டு.

மூன்றாவதாக ஒரு விளக்கம் உண்டு, யாருக்கும் பிடிக்காத விளக்கம். படுமோசமான ஓட்டத்துக்குப் பின் எந்த அணியும் ஓரளவு தானாகவே நிமிரும். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களைப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டன. அதேபோல் சரிந்தும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட அணிகளும் மீண்டன. அப்படிப் பார்த்தால் நீக்கமே ஒரு கழுதைதான்.

திறமையும் பயிற்சியும் தனித்தனிக் காரணங்களாக நிற்பதில்லை. 2015-16-இல் ரனியெரியின் எதிர்த்தாக்குதல் ஆட்டம் நடந்ததே கான்டே பந்தைப் பறித்துக் கொடுத்ததாலும், முன்கள வீரர் ஜேமி வார்டி அதைத் துரத்தி ஓடியதாலும்தான். அந்தச் சேர்க்கையில் ஒரு கண்ணி அறுந்ததும் மற்ற கண்ணிகளின் மதிப்பும் மாறிவிட்டது. குழப்பம் வருவது, எது காரணம் என்ற கேள்வியும் யாரைப் பொறுப்பாக்குவது என்ற கேள்வியும் ஒன்றாகிவிடும்போது. இருபத்தைந்து ஆட்டக்காரர்களை சீசன் நடுவே மாற்ற முடியாது. ஒரு பயிற்சியாளரை ஒரே மாலையில் மாற்றலாம். எளிதில் மாற்றக்கூடியவர் மேல் பழி விழுகிறது, பிறகு அதற்கே காரணம் என்று பெயரும் சூட்டப்படுகிறது. நிர்வாகத்துக்கு இது வசதி. நியாயம் அல்ல.

அந்தச் சீசனில் லெஸ்டர் 12-ஆவது இடத்தில் முடித்தது. அணியைக் காப்பாற்றியவர் என்று புகழப்பட்ட ஷேக்ஸ்பியரையும் அதே கிளப் 2017 அக்டோபரில் நீக்கியது.