பஞ்சுப் பிலாத்து

ஞானோபதேச வகுப்பில் பிறக்கும் சொற்குழப்பங்களைச் சொல்லிச் சிரிப்பது எங்களிடையே ஒரு பழக்கம். 'அர்ச்சியசிஷ்ட' என்பதில் சிஸ்டரைக் கேட்டுவிட்டு, தாடி வைத்த சூசையப்பர் எப்படி சிஸ்டர் ஆனார் என்று ஒரு பையன் என்னிடமே கேட்டிருக்கிறான். அதில் சிரிப்புக்கு மேல் ஒன்றுமில்லை.

என் இளமையில், கரிசல்காட்டு ஊரொன்றில் இரண்டு கோடை விடுமுறைகள் வகுப்பு எடுத்தேன். விசுவாச மந்திரத்தில் வரும் போஞ்சு பிலாத்துவை ஒரு சிறுமி 'பஞ்சுப் பிலாத்து' என்றே சொல்லிவந்தாள். யாரம்மா அது என்றேன். "பஞ்சு யாவாரிண்ணே. எடையில அடிச்சுட்டுக் கையக் கழுவிருவாரு." அவள் அம்மா பருத்தி எடுக்கப் போகிறவள். நான் பெயரைத் திருத்தினேன். வகுப்பு சிரித்தது, நானும்தான். மறுநாளிலிருந்து சரியாகச் சொன்னாள். பிலாத்து யார் என்று கேட்டால் மட்டும் பதிலில்லை.

திருத்தியது தவறா? பிலாத்து கற்பனைப் பாத்திரமல்ல. 1961இல் செசரியாவில் அவன் பெயர் பொறித்த கல்லே கிடைத்திருக்கிறது. மந்திரத்தில் அந்தப் பெயர் நிற்பது, இது ஒரு காலத்தில் ஓர் அதிகாரியின் கீழ் நடந்தது என்று சொல்லத்தான். பெயர் நழுவினால் சம்பவம் வெறும் கதையாகிவிடும். வாதம் சரியானதே. ஆனால் அவள் பிலாத்துவைத் தொலைத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆளிடம் அவனை அடையாளம் கண்டிருந்தாள். சரியான உச்சரிப்பைக் கொடுத்து அந்த அடையாளத்தை நான் வாங்கிக்கொண்டேன். நியாயமான பண்டமாற்றுதானா?

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர்க்காரர் சிலரைக்கொண்டு மந்திரங்களைத் தமிழில் அமைத்தார். 1544இல் தம்முடன் உழைத்த மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது: விசுவாசம் என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்றிருக்கிறது, மாற்றிவிடுங்கள். அதுவரை அந்தக் கரையில் கடவுளை நம்புகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. வேணும் என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றதே போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித்தான். ஆக, தப்பான அந்தச் சொல்லில்தான் அவர்கள் பொய் சொல்லாமல் இருந்தார்கள்.

பிழையைப் புனிதமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. அது சுலபம், இப்போது நாகரிகமும்கூட. வேண்டுவதும் விசுவசிப்பதும் ஒன்றல்ல. சவேரியார் மாற்றியது முறைதான். நான் செய்ததும் முறைதான். அந்தச் சிறுமி அதற்குப் பிறகு வகுப்பில் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சொல் மாறிய பிறகு, ஏதோ ஒரு கரையோர ஊரில் பழைய ஞாபகத்தில் ஒரு கிழவியாவது 'வேணும்' என்றிருப்பாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்களா என்று கடிதத்தில் இல்லை.