மூன்றுக்குப் பூஜ்ஜியம்

2013 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டு. வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு ஊரில் எங்கள் வீடே கண்ணயர்ந்திருந்தது. நான் மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நியூகாசில் - சண்டர்லேண்ட் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டர்லேண்டின் மூன்றாவது கோல் விழுந்தபோது என்னையறியாமல் கத்திவிட்டேன். அப்பா எழுந்து வந்து, "என்னடா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, ஜெயிச்சிட்டோம்" என்றேன்.

அந்த 'ஜெயிச்சிட்டோம்' இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஏனென்றால் சரியாக இரண்டு வாரத்துக்கு முன்புதான் என் அறைத்தோழனிடம், இனிமேல் இந்த டீமோட மேட்சைப் பாக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னேன்.

நான் சண்டர்லேண்ட் ரசிகன் ஆனதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. கல்லூரி ஹாஸ்டலில் ஃபுட்பால் மேனேஜர் கணினி விளையாட்டு ஆடும்போது, யுனைடெட், ஆர்சனல், லிவர்பூல் எல்லாவற்றையும் சீனியர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்ததில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை எனக்குப் பிடித்தது. அவ்வளவுதான். ஆனால் பற்று எப்படித் தொடங்கியது என்பதற்கும் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

2013 மார்ச் 30 அன்று மேனேஜர் மார்ட்டின் ஓ'நீலை கிளப் நீக்கியது. ஏழு ஆட்டங்கள் பாக்கி. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே இருந்தோம். மறுநாளே அவர் இடத்துக்கு பாவ்லோ டி கானியோ வந்தார்.

டி கானியோவை ஒரே வரியில் சொல்லி முடிக்க முடியாது. 1998இல் நடுவரைப் பிடித்துத் தள்ளி 11 ஆட்டங்களுக்குத் தடை வாங்கியவர். 2000 டிசம்பரில், எவர்ட்டன் கோல்கீப்பர் அடிபட்டுக் கீழே கிடந்தபோது, கோல் அடித்து ஜெயிக்கக்கூடிய பந்தைக் கையில் பிடித்து ஆட்டத்தை நிறுத்தி, அதற்காக ஃபிஃபாவின் நேர்மை விருதைப் பெற்றவரும் அவர்தான். அதே மனிதர் 2005இல் லாட்சியோவுக்கு ஆடியபோது ரசிகர்களைப் பார்த்துக் கையை நீட்டி பாசிச வணக்கம் வைத்தார். தான் பாசிஸ்ட், ஆனால் இனவெறியன் அல்ல என்று அதே ஆண்டில் இத்தாலியச் செய்தி நிறுவனம் ஒன்றிடம் விளக்கமும் கொடுத்தார். முசோலினியைக் குறிக்கும் 'டுக்ஸ்' என்ற சொல்லைக் கையில் பச்சை குத்தியிருந்தார்.

இவர் வந்து சேர்ந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சண்டர்லேண்டின் மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட், 1993இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் 1997இல் கட்டப்பட்டது. வாசலில் சுரங்கத் தொழிலாளி கொண்டுபோகும் டேவி விளக்கின் பெரிய சிற்பம் நிற்கிறது. பெயரில் இருக்கும் 'வெளிச்சமும்' அந்த விளக்குக்கான மரியாதைதான். கப்பல் கட்டும் ஊர் என்பதால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டன. அந்த ஊர்க்காரனுக்கு பாசிசம் என்பது பாடப்புத்தகச் சொல் இல்லை. தாத்தா பாட்டி சொன்ன வீட்டுக் கதை.

டி கானியோ பெயர் அறிவிக்கப்பட்ட அன்றே கிளப்பின் துணைத்தலைவர் டேவிட் மிலிபேண்ட் பதவி விலகினார். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கம், மைதானத்தில் வைத்திருந்த தங்கள் பதாகையைத் திருப்பித் தரச் சொன்னது.

ரசிகர்கள் பிளந்தார்கள். ஒரு பக்கம் சொன்னது என் அறைத்தோழன் சொன்னதுதான்: "மச்சி, ஏழு மேட்ச்தான் இருக்கு. இறங்கிட்டா அவ்ளோதான். அவன் என்ன பிரதமராவா வந்திருக்கான்? கோச்சா வந்திருக்கான்." இன்னொரு பக்கம், ஒரு கிளப் வெறும் பதினோரு பேர் அல்ல, அதன் முகமாக யார் நிற்கிறார் என்பதும் கிளப்தான் என்றது. முதல் பக்கத்துக்காரர்களிடம் கூர்மையான எதிர்க்கேள்விகளும் இருந்தன. இதே ஆள் 2011இலிருந்து ஸ்விண்டனில் மேனேஜராக இருந்தாரே, அப்போது எங்கே போனீர்கள்? அங்கே ஜிஎம்பி என்ற தொழிற்சங்கம் மட்டும் தன் விளம்பரப் பணத்தை நிறுத்திக்கொண்டது. நாடு முழுக்கப் பேச்சாகவில்லை. மிலிபேண்ட் நியூயார்க் வேலைக்குப் போவதாக ஏற்கெனவே அறிவித்துவிட்டவர்தானே, அவருக்கு இதில் என்ன நஷ்டம்? இந்தக் கேள்விகளில் நியாயம் உண்டு. கோபத்துக்கு நாம் கொடுத்த விலை என்ன என்று கேட்பது நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவர்களில் பலர் பதிலுக்காகக் கேட்கவில்லை, பேச்சை முடிக்கத்தான் கேட்டார்கள்.

டி கானியோ முதலில் அரசியல் பேச மாட்டேன் என்றார். பிறகு, பாசிசக் கொள்கையைத் தான் ஆதரிக்கவில்லை என்று கிளப் வழியாக அறிக்கை விட்டார். மனம் மாறியதா, வேலைக்காகச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் டெர்பி வந்துவிட்டது.

மூன்றுக்குப் பூஜ்ஜியம். நியூகாசிலின் மைதானத்தில் சண்டர்லேண்ட் 2000க்குப் பிறகு பெற்ற முதல் வெற்றி. செசென்யோன், ஆடம் ஜான்சன், வாகன் என்று மூன்று கோல். டி கானியோ கோட்டு சூட்டோடு எல்லைக்கோட்டோரம் ஓடி முழங்காலில் சறுக்கினார். சண்டர்லேண்ட் ரசிகர்கள் அவர் பெயரைப் பாடினார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பாயச டம்ளர் பக்கத்தில் இருக்க, நானும் கத்தினேன்.

அதோடு அந்த விவாதம் அடங்கிப்போனது. யாரும் யாருடைய வாதத்துக்கும் பதில் சொல்லவில்லை. கேள்வி தீரவில்லை, கேட்பதை நிறுத்திக்கொண்டோம்.

மெய்யியலில் இதற்கு 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்று ஒரு பேச்சு உண்டு. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அதைப் பற்றி எழுதினார்கள். வில்லியம்ஸ் தரும் உதாரணம் ஓவியர் கோகன். குடும்பத்தை விட்டுவிட்டுப் படம் வரையத் தீவுக்குப் போகிறார். அவர் செய்தது சரியா? நல்ல ஓவியராகிவிட்டால் தன் முடிவை நியாயப்படுத்திக்கொள்ள அவருக்கு ஏதோ இருக்கிறது. தோற்றுவிட்டால் அதுகூட இல்லை. போகும் நாளில் இரண்டில் எது நடக்கும் என்று அவருக்கே தெரியாது.

டி கானியோவை நியமித்த உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட்டும் இப்படி ஒரு பந்தயம்தான் கட்டினார். அணி அந்த ஆண்டு 17ஆம் இடத்தில் தப்பியது. ஆக, முடிவு சரிதானே? இங்கேதான் நாம் வழுக்குகிறோம். கோகன் ஜெயித்தாலும், கைவிடப்பட்டவர்களின் முறையீடு அப்படியேதான் நிற்கும் என்பதை வில்லியம்ஸும் ஒப்புக்கொள்கிறார். நல்ல ஓவியம் அவர்களுக்குத் தரும் பதில் இல்லை. அதுபோல மூன்று கோல் என்பது பதாகையைத் திருப்பிக் கேட்ட சுரங்கத் தொழிலாளிக்குத் தரும் பதில் இல்லை. அவர் கேட்டது, 'தப்பிப்போமா?' என்றல்ல.

செப்டம்பரில் எல்லாம் தலைகீழானது. புதிய சீசனில் ஐந்து லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. டி கானியோவை அனுப்பிவிட்டார்கள். அப்போது நான் அறைத்தோழனுக்கு ஃபோன் போட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றேன். இப்போது நினைத்தால் அதுவும் அதே பித்தலாட்டம்தான். நான் அன்றைக்குச் சொன்னது, அவர் தோற்பார் என்றல்ல. அவர் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று. தோல்வி என் வாதத்தை நிரூபிக்கவில்லை. வெற்றி அதை முறியடிக்கவும் இல்லை. ஆனால் இரண்டு முறையும் ஸ்கோரைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தேன், மூடினேன்.

என் வேலையில் ஒரு பழமையான ஏமாற்று உண்டு. நிரலை எழுதி முடித்துவிட்டு, அது என்ன செய்கிறதோ அதையே சரி என்று சொல்லும்படி டெஸ்ட் எழுதுவது. அந்த டெஸ்ட் எப்போதும் பாஸ் ஆகும், எந்தப் பிழையையும் பிடிக்காது. ஆட்டம் முடிந்தபின் நாம் சொல்லும் அறத்தீர்ப்புகள் பெரும்பாலும் அந்த வகை.

ஸ்கோரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிப் பழகினால் என்ன ஆகும் என்பதற்கு அதே கிளப்பில் இன்னொரு சாட்சி இருக்கிறது, இதைவிடக் கசப்பானது. அந்த டெர்பியில் இரண்டாவது கோலை அடித்த ஆடம் ஜான்சன், 2015 மார்ச்சில் 15 வயதுச் சிறுமி தொடர்பான பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். கிளப் அவரைச் சில நாள் நிறுத்தி வைத்தது, பிறகு மறுபடி ஆடவிட்டது. அந்த அக்டோபரில் நியூகாசிலுடன் மறுபடி டெர்பி. மறுபடி மூன்றுக்குப் பூஜ்ஜியம். முதல் கோல் ஜான்சனுடையது. 2016இல் சில குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டார், ஆறாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவரைத் தொடர்ந்து ஆடவிட்டது தவறு என்று ஒப்புக்கொண்டு கிளப்பின் தலைமை நிர்வாகி விலகினார்.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று வெளிப்படையாகச் சொன்ன கொள்கை, மற்றது ஒரு குழந்தைக்கு இழைத்த குற்றம். தீர்ப்பு வரும்வரை ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் விசாரணை நிலுவையில் இருக்கும் ஒருவரைக் களத்தில் இறக்கலாமா என்பதற்குத் தீர்ப்பு தேவையில்லை. அதை முன்கூட்டியே யோசித்திருக்கலாம். அந்த அக்டோபர் கோலுக்கும் நான் கைதட்டினேன். அந்தச் சிறுமி அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்ற யோசனை எனக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

ரசிகனால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். மேனேஜரை நியமிப்பவன் அவன் இல்லை. அவனுக்கு ஓட்டு இல்லை, சம்பளம் இல்லை, இந்தியாவில் இருந்தால் டிக்கெட்கூட இல்லை. கிளப்பை மாற்றிக்கொள் என்பது சொல்லச் சுலபம். சோப்பை மாற்றுவதுபோல் மாற்ற முடிந்தால் அது பற்றே இல்லை. டர்ஹாம் சங்கம்கூட யாரையும் கிளப்பை விடச் சொல்லவில்லை. தங்களுடையது என்று இருந்த ஒரு துணியைத்தான் கேட்டது. அதில் ஒரு அளவு இருந்தது. என் கையில் இருப்பது இது, இதை உங்களுக்குக் கடன் தர மாட்டேன் என்ற அளவு. ஆட்டத்துக்கு முன்பே கேட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

ரசிகன் கையில் இருப்பது குரல் ஒன்றுதான். யார் பெயரைப் பாடுவது என்பதை கிளப் நமக்காகத் தீர்மானிக்க முடியாது. கோலுக்குத் துள்ளுவதை நிறுத்த முடியாது, உடம்பு கேட்காது. பெயரைப் பாடுவது வேறு, அதற்கு ஒரு நொடி யோசிக்க அவகாசம் இருக்கிறது.

2016இல் இத்தாலியத் தொலைக்காட்சி ஒன்றில் டி கானியோ அரைக்கைச் சட்டையோடு வந்தார். அந்தப் பச்சை வெளியே தெரிந்தது. சேனல் அவரை நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தியை அறைத்தோழனுக்கு அனுப்பினேன். "இன்னுமாடா அதை விடல நீ?" என்று பதில் வந்தது. அவன் டி கானியோவைச் சொன்னானா, என்னைச் சொன்னானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதும் சண்டர்லேண்ட் ஆட்டம் பார்க்கிறேன். ஒரு பழக்கம் மட்டும் புதிது. புதிய மேனேஜரோ வீரரோ வந்து மனசுக்கு நெருடினால், முதல் ஆட்டத்துக்கு முன்பே என் கருத்தை அறைத்தோழனுக்கு எழுதி அனுப்பிவிடுவேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அவன் அதை எனக்கே திருப்பி அனுப்பலாம். இரண்டு முறை அனுப்பியிருக்கிறான். இரண்டு முறையும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.