கொடுக்க வேண்டியதும் கொடுத்ததும்

சங்கப் பாடல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த ஏ.கே. ராமானுஜனுக்கு 1983-இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அப்போது அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நான்கு ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டுத் தலபுராணங்களை ஆராய்ந்த டேவிட் ஷுல்மனுக்கும் அதே நல்கை. தமிழுக்கு இப்படி மறைமுகமாக உதவிய அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், அதே சிகாகோவில் மாதம் ஒரு டாலர் பிரீமியத்துக்குப் பாலிசி விற்ற ஒரு மனிதரிடம் போய் நிற்கிறோம்.

ஜான் மெக்ஆர்தர் 1897-இல் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டனில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை விவசாயத்தை விட்டுச் சுவிசேஷப் போதகரானவர். வீட்டில் பக்திக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். எட்டாம் வகுப்போடு ஜானின் படிப்பு நின்றது. அண்ணன்மாரில் சார்ல்ஸ் நாடகாசிரியராகப் பெயர் வாங்கினார். ஆல்ஃபிரெட் காப்பீட்டுத் தொழிலுக்குப் போனார். கடைசித் தம்பி அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். பெருமந்தத்தின் நடுவே, 1935-இல், ‘பேங்கர்ஸ் லைஃப் அண்ட் கேஷுவால்ட்டி’ என்ற நிறுவனத்தை 2,500 டாலருக்கு வாங்கினார். 1978 ஜனவரியில் அவர் இறந்தபோது அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர்; சொத்தின் மதிப்பு ஏறக்குறைய 100 கோடி டாலர். கடைசிக் காலத்தில் ஃபுளோரிடாவில் தமக்குச் சொந்தமான ஒரு ஹோட்டலின் காபிக்கடை மேசையில் உட்கார்ந்தபடியே வியாபாரத்தை நடத்தினார் என்பதைக் கேட்டு வியக்காதவர் இல்லை. வியக்கலாம், தவறில்லை. ஆனால் எளிமை வேறு, நேர்மை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது நமக்கும் பழகிய பிழைதான்.

அவர் தொழிலில் ஒரு நன்மை இருந்தது. வேலையும் வங்கிச் சேமிப்பும் போய் நின்ற குடும்பங்களைப் பெரிய நிறுவனங்களின் ஏஜென்ட்கள் எட்டிப் பார்க்காத நாட்களில், மெக்ஆர்தர் அஞ்சலில் பாலிசி அனுப்பினார். அலுவலகச் செலவு குறைவு, ஏஜென்ட் கமிஷன் இல்லை, அதனால் விலையும் குறைவு. வாங்கியவர்களுக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் காப்பீடு விற்பவர் பொருளை இன்று தருவதில்லை, வாக்கைத்தான் தருகிறார். அந்த வாக்கு மெய்யா பொய்யா என்பது பணம் கட்டும் நாளில் தெரியாது, கிளெய்ம் கேட்கும் நாளில்தான் தெரியும். அன்று வாங்கியவர் படுக்கையில் கிடப்பார், அல்லது அவர் மனைவி துக்கத்தில் இருப்பார். இரண்டு தரப்பில் ஒரு தரப்பு மட்டுமே தெம்போடு நிற்கும் வியாபாரம் இது.

1979 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலத்தில் ஒருவர் தம் காரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். காரின் ஆல்டர்னேட்டர் உருண்டு அவர் காலில் விழுந்தது. காயம் முற்றிக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. விபத்தில் உறுப்பு போனால் 20,000 டாலர் தருவதாக பேங்கர்ஸ் லைஃப் பாலிசி சொன்னது. கேட்டபோது, கால் போனதற்குக் காரணம் விபத்தல்ல, அவருக்கு ஏற்கெனவே இருந்த இரத்தக்குழாய் நோய் என்று நிறுவனம் மறுத்துவிட்டது. வழக்கு நடந்தது. ஜூரிகள் 20,000 டாலரைக் கொடுக்கச் சொன்னதோடு, தண்டனையாக மேலும் 16 லட்சம் டாலர் விதித்தார்கள். 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் கை வைக்கவில்லை.

கால் போன ஆண்டைக் கவனிக்க வேண்டும். மெக்ஆர்தர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. சொத்தில் பெரும்பகுதியை அவர் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார்; பின்னாளில் மெக்ஆர்தர் நல்கையை வழங்கியது அதுதான். பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று அவர் கட்டளையிடவில்லை. சம்பாதித்தது என் வேலை, செலவழிப்பது உங்கள் வேலை என்ற பொருளில் அறங்காவலர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொத்தின் அச்சாணி காப்பீட்டு நிறுவனத்தின் பங்குகள். ஆகவே அன்று மறுக்கப்படும் ஒவ்வொரு கிளெய்மாலும் மிஞ்சும் பணம் கஞ்சக் கிழவரின் பெட்டிக்குப் போகவில்லை, தர்மத்தின் கணக்கில் ஏற இருந்தது.

பசுவைக் கொன்று செருப்பு தானம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் பழமொழி இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. பேங்கர்ஸ் லைஃப் நியாயமாகக் கொடுத்த இழப்பீடுகளும் உண்டு. பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்து மறுப்பதும் தேவைதான். இல்லாவிட்டால் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவர்களின் பணம் கரையும். தானம் பெற்றவர்களும் கொலையில் பங்காளிகள் அல்லர். ராமானுஜன் நல்கையை வேண்டாம் என்றிருந்தால் அது மிசிசிப்பிக்குப் போயிருக்காது, வரிசையில் அடுத்து நின்ற அறிஞரிடம் போயிருக்கும். பெற்றவரின் கையில் அழுக்கு ஒட்டவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

கொடுத்தவரின் பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. மெக்ஆர்தர் நல்கைக்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. பரிந்துரைப்பவர் யார் என்பது ரகசியம். ஒருநாள் செய்தி வரும், ஐந்தாண்டுக்குப் பணம் வரும். என்ன செய்தீர்கள் என்று கணக்கும் கேட்க மாட்டார்கள். மனிதரை நம்புகிறோம், அவ்வளவுதான் என்கிறது அந்த ஏற்பாடு. மிகப் பெருந்தன்மையான ஏற்பாடு, ஐயமில்லை. அதே பணத்தின் ஊற்றுக்கண்ணில், மாதாமாதம் பிரீமியம் கட்டிய ஒருவர் தம் கால் எதனால் போனது என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. உரிமை உள்ளவரிடம் சந்தேகம், உரிமை இல்லாதவரிடம் நம்பிக்கை. கொடுத்தே தீர வேண்டிய கடன் இருக்கையில் பரிசு வழங்குவதில் ஒரு வசதி உண்டு: பரிசைப் பெறுபவர் நன்றி சொல்வார், கடனைத் திரும்பப் பெறுபவர் சொல்ல மாட்டார். பெருஞ்செல்வர்களுக்கு தர்மம் கடனைவிட இனிப்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். மெக்ஆர்தர் விஷயத்தில் வரிக்கணக்கும் சேர்ந்துகொண்டது. அறக்கட்டளைக்குப் போகும் சொத்தில் அரசுக்கு மரண வரி கிடையாது.

மனிதகுலம் என்ற பெரிய பெயருக்குச் செய்யும் நன்மையால், பெயரும் பாலிசி எண்ணும் உள்ள ஒருவருக்குப் பட்ட கடன் தீராது. தீர்க்க வழி இல்லாமலும் இல்லை. நிறுவனத்தின் கோப்புகள் அறக்கட்டளையின் கைக்கெட்டும் தூரத்தில் சில ஆண்டுகள் இருந்தன. மறுக்கப்பட்ட கிளெய்ம்களை மறுபடி புரட்டிப் பார்த்து, ஐயத்தின் பலனைப் பாலிசிதாரருக்குத் தருவதுதான் அந்த அறக்கட்டளையின் முதல் தர்மமாக இருந்திருக்க வேண்டும். சட்டம் தடுத்திருக்கும் என்பார்கள். அறக்கட்டளைகள் ஒரு வியாபார நிறுவனத்தை முழுக்கக் கையில் வைத்திருப்பதற்கு 1969-இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் தடை போட்டிருந்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் விற்கத்தான் சொன்னது. விற்கும்வரை கணக்கைச் சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 1984-இல் பேங்கர்ஸ் லைஃப் கைமாறியது. விற்ற பணம் அறக்கட்டளையிடம் தங்கியது. மிசிசிப்பி வழக்கு நிறுவனத்தோடு புது முதலாளியிடம் போயிற்று.