விலங்கு உறவா? கைவிலங்கா?

எலி எனக்கு உறவு, பாம்பு எனக்குச் சொந்தம் என்று ஒருவன் சொன்னால், பகுத்தறிவாளன் என்ன விடை தருவான்? நகைப்பது எளிது. புற்றுக்குப் பால் வார்ப்போரைக் கண்டு நகைத்துப் பழகிய உதடுகள் நம்முடையவை. பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று. எலியும் தவளையும் தின்று வாழ்வது. இதைச் சொல்ல நாம் தயங்கியதில்லை, தயங்க வேண்டியதுமில்லை. ஆனால் தோழர்களே, பாம்பை அறியாமல் அஞ்சிக் கும்பிடுகிறவனின் பக்தியும், பாம்பை அறிந்து அதனோடு பழகியவனின் உறவும் ஒன்றாகுமா? இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து, ஒரே சிரிப்பால் தள்ளிவிடுவது பகுத்தறிவாகுமா?

ஆஸ்திரேலியாவின் நடுவே, பாலைநிலத்தில், பாப்புன்யா என்றோர் ஊர். தொல்குடி மக்களை வெள்ளையர் அரசு குடியமர்த்திய ஊர். தம் மொழியையும் முறையையும் மறந்து வெள்ளையரைப் போல அவர்கள் மாறிவிட வேண்டும் என்பதே அந்நாளைய கொள்கை. 1971ஆம் ஆண்டு அங்கே பள்ளி ஆசிரியராக வந்து சேர்ந்தார் ஜெஃப்ரி பார்டன் என்னும் இளைஞர். வகுப்பிலே தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் எதை வரைந்தனர்? அமெரிக்கத் திரைப்படத்துக் குதிரை வீரர்களை! வெளியே மணலில் அமர்ந்து கதை பேசும்போதோ, அதே பிள்ளைகளின் விரல்கள் முன்னோர் தந்த வட்டங்களையும் வளைகோடுகளையும் இட்டன. தாளிலே அயலான் கதை, மணலிலே தன் கதை! மணலில் உள்ளது தாளுக்கு வரட்டும் என்றார் பார்டன். பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் எழுந்தனர். பள்ளிச் சுவரிலே தேனெறும்பை வரைந்தனர். அம்மண்ணின் தொல்கதைக்கு உரிய உயிர் அது. வெள்ளையர் பாணியில் அல்ல, தம் மரபு வடிவிலேயே வரைந்தனர். 1972இல் அவ்வோவியர்கள் தமக்கென ஒரு நிறுவனமும் அமைத்துக்கொண்டனர். இன்று அவர்கள் மரபில் வந்த ஓவியங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களிலே தொங்குகின்றன. அந்தப் பள்ளிச் சுவர் என்னாயிற்று? 1974க்குள் அதன்மீது வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள்.

பாப்புன்யா தொலைவில் இருக்கிறது. நம் சுவர்களைப் பார்ப்போம். நான் ஆசிரியனாக இருக்கும் சிங்கப்பெருமாள் கோயில், பெயரிலேயே விலங்கைத் தாங்கிய ஊர். எவரும் இங்கே உயிரோடு கண்டிராத சிங்கம், குடைவரைக்குள் மனித உடலோடு வீற்றிருக்கிறது. அதற்குத் தேரும் திருவிழாவும் நடக்கின்றன. மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலே பூனை ஒன்று பின்னங்கால்களில் நின்று தவம் செய்கிறது. அதன் அடியில் எலிகள். அவ்வெலிகளைக் கண்டு முகம் மலராதவர் யார்? கல்லிலே எலி, கலை! அதே எலியை வயல் வரப்பிலே வளை தோண்டிப் பிடிப்பவனோ, இழிந்தவன்! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய சிற்பியின் கண்ணைப் போற்றுகிறோம். அடுத்த தெருவில் இருக்கும் இருளர் வீட்டுக் கண்ணைக் காண மறுக்கிறோம்.

அந்தக் கண் எத்தகையது? மண்ணில் கிடக்கும் தடத்தையும் வளையின் வாயையும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று சொல்லக்கூடியது. பாம்புத் தோல் வணிகம் இருந்த வரையில் அந்த அறிவைத் தோலுக்காகச் சுரண்டினார்கள். 1976இல் ஏற்றுமதி தடைப்பட்டதும், பிழைப்புப் போயிற்று. கடனும் கொத்தடிமையும் காத்திருந்தன. 1978இல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியிலே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து சென்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மடிவதாகக் கணக்கிடப்பட்ட நாடு இது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கத் துணையாக அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள். 2023இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நல்ல பாம்பைக் கன்னியம்மனோடு சேர்த்து எண்ணும் வழக்கமும் இருளரிடம் உண்டு. அந்த அம்மனை நானும் ஏற்கவில்லை. ஆனால் நஞ்சைக் கறந்து உயிர் காக்கும் கைகள் மந்திரத்தை நம்பிப் பாம்பின் கழுத்தைப் பிடிப்பதில்லை. அது கண்டும் தொட்டும் தலைமுறை தலைமுறையாகச் சோதித்தும் பெற்ற அறிவு. அதற்கு அறிவியல் என்று பெயரிட நமக்கென்ன தயக்கம்?

இனி, வகுப்பறைக்கு வருவோம். உங்களுக்கு நெருக்கமான ஓர் உயிரை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பலரும் பாடநூல் மயிலையே வரைந்தார்கள். இருளர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எலி வரைந்தான். செவியின் மடிப்பு, பின்னங்காலின் வளைவு, வாலை ஊன்றி நிற்கும் நிலை எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். எலி வரைந்த கை தாளைத் திருப்பிப் போட்டது; மறுபக்கத்தில் அவனும் ஒரு மயில் வரைந்தான். மோசமான மயில்! கண்டிராததை வரைந்தால் வேறெப்படி இருக்கும்?

அதே வகுப்பில் மற்றோர் இருளர் சிறுமி குதிரை வரைந்திருந்தாள். மாசி மகத்தன்று இருளர் மக்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடுவார்கள். அங்கே கண்ட சவாரிக் குதிரை. பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் அவள் குலத்தைக் கேட்டறிந்து, "பாம்பு வரையலாமே, அம்மா! உங்களுக்கு அதுதானே பொருத்தம்" என்று அன்போடு சொன்னார். (பாம்பின் நஞ்சைச் செலுத்திக் குதிரையின் குருதியிலிருந்தே மருந்து எடுக்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார்!)

முதலில் சிரித்தவன் சிறுவன், அவனைத் திருத்திவிடலாம். இந்த அன்புதான் என்னை அச்சுறுத்துகிறது. அப்பன் பிடித்தது பாம்பு, ஆகவே மகள் வரைய வேண்டியதும் பாம்பு! இதை எங்கே கேட்டிருக்கிறோம்? 1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததே. குலக்கல்வி என்று நாடே கொதித்தெழ, 1954இல் அது கைவிடப்பட்டதே! அன்று உளியும் துடைப்பமும் கொடுத்துச் சொன்னதை, இன்று தூரிகை கொடுத்துச் சொல்வதா? பாராட்டு என்னும் பட்டுத்துணியில் சுற்றித் தந்தாலும் குலம் குலம்தான். விலங்கென்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள். பிறப்பைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு விலங்கைப் பூட்டினால் இரண்டாம் பொருளே மிஞ்சும்.

அப்படியானால் எலியே வேண்டாம், எல்லாரும் மயிலே வரையட்டும் என்பதா? அது பாப்புன்யாச் சுவருக்குப் பூசிய வண்ணம். பாப்புன்யாவில் தேனெறும்பை வரையுமாறு வெள்ளையர் யாரும் பணிக்கவில்லை. அதைத் தெரிந்தெடுத்தவர்கள் அம்மக்களே. உறவு குருதியில் ஊறி வருவதன்று. பழகுவதால் வருவது, பார்ப்பதால், உழைப்பதால், பசியால்கூட வருவது. எலியோடு பழகிய சிறுவனுக்கு எலி உறவு. ஒரு நாள் கடற்கரையில் கண்ட குதிரை அந்தச் சிறுமிக்கு உறவு. நாளைக்கு முதலியார் வீட்டுப் பிள்ளை கண்ணாடி விரியனை நெருங்கிக் கற்று வரைந்தால், அதுவும் அவன் உறவே. ஆசிரியன் செய்யத்தக்கது, சிரிப்பவனுக்கும் சிபாரிசு செய்பவருக்கும் நடுவே நின்று, தாளைப் பிள்ளையின் கையிலேயே விட்டு வைப்பது.

எலியும் குதிரையும் இப்போது வகுப்புச் சுவரில் அருகருகே இருக்கின்றன. எலிப் படத்தைச் சிறுவனின் இசைவு கேட்டுத்தான் ஒட்டினேன். இரண்டு நாள் யோசித்தே அவன் இசைந்தான். மறு வாரம், சிரித்த அதே பையன், எலி வளைக்குள் பாம்பு இருக்கிறதா என்று எப்படித் தெரியும் எனக் கேட்டான். வாயிலில் எலி புதிதாகத் தள்ளிய மண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவன் தொடங்க, வகுப்பு முழுவதும் பெஞ்சை நகர்த்திக்கொண்டு அவனைச் சுற்றி உட்கார்ந்தது.